நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, என் கணவர் 20.09.2022 அன்று, பங்காளி வகையில் தம்பி முறையாகும் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் கடன் கொடுத்தார். நூற்றுக்கு ஒரு வட்டி. புரோநோட்டில் அவரும் அவர் மனைவியும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நோட்டின் பின்பக்கம் இரண்டு வரவுகள் எழுதியிருக்கின்றன. 20.12.2022இல் 18,000 ரூபாய், 14.03.2023இல் 18,000 ரூபாய். இரண்டின் கீழும் அவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2024 ஜனவரியில் என் கணவர் மாரடைப்பில் தவறிவிட்டார். அப்போது என் மகளுக்கு 16 வயது. பணமே இல்லை என்கிற அந்த மனிதர், மனைவியோடு சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போய் 2023 ஜூன் முதல் 2024 ஜனவரிக் கடைசி வரை எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தார். சாவுக்குக்கூட வரவில்லை. 2024இல் இரண்டு தடவை பத்தாயிரம் பத்தாயிரமாக என் வங்கிக் கணக்குக்குப் போன் மூலம் அனுப்பினார். அதன் பிறகு ஒன்றும் இல்லை. கேட்டால், "அண்ணமிண்டி (அண்ணி), தையில் தந்துவிடுகிறேன்" என்கிறார். மூன்று தை போய்விட்டது.

மூன்று வருடம் முடிந்துவிட்டது, நோட்டு காலாவதி என்கிறார் ஒருவர். மகள் மைனராக இருந்ததால் அவளுக்கு 21 வயது ஆகும்வரை கெடு உண்டு என்கிறார் இன்னொருவர். எது உண்மை?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரில் உள்ள எங்கள் பெரிய வீட்டின் சாவியைக் கணவரின் அண்ணன் வைத்திருக்கிறார். நாங்கள் 20 ஆண்டுகளாக வெளியூரில் இருந்தோம். "12 வருடம் தாண்டிவிட்டது, இனி உங்கள் புள்ளிக்கு, அதாவது உங்கள் குடும்பத்துக்கு, பங்கு கிடையாது" என்று போன ஆவணியில் போனில் சொன்னார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?

— வாசகி, காரைக்குடி அருகிலிருந்து

பதில்:

மதிப்புக்குரிய ஆச்சி அவர்களுக்கு,

உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டும் தவறு. நோட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் மகளின் 21 வயது வரைக்கும் அது உயிரோடு இருக்காது. 2026 மார்ச் 14ஆம் தேதியோடு முடிகிறது. நான் இதை எழுதும் மார்கழி மாதத்துக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. பொங்கல் விடுமுறை வேறு குறுக்கே வரும். மீதிப் பதிலைப் பிறகு படித்தாலும் சரி, முதலில் அந்தத் தேதியை உங்கள் வீட்டுக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிவில் வழக்குகளுக்கெல்லாம் கெடு வைத்திருப்பது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பு ஓர் அட்டவணை. எந்த வகை வழக்குக்கு எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் எண் இருக்கிறது. உங்கள் நோட்டு வழக்கமான வாசகத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்: "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது அசலும் வட்டியும் செலுத்துகிறேன்." இதைப் படிக்கிற யாருக்கும், நாம் கேட்ட நாளிலிருந்துதானே கெடு என்று தோன்றும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வேண்டும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, நோட்டின் தேதியிலிருந்தே மூன்று ஆண்டு என்கிறது அட்டவணையின் 35ஆவது இனம். கேட்டாலும் ஓடும், கேட்காவிட்டாலும் ஓடும். அப்படிப் பார்த்தால் உங்கள் நோட்டு 2025 செப்டம்பர் 20ஆம் தேதியே முடிந்திருக்க வேண்டும். "காலாவதி" என்று சொன்னவர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் கதை மாறுகிறது. கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் அசலிலோ வட்டியிலோ ஒரு தொகை செலுத்தி, செலுத்தியதற்கு அவர் கைப்பட எழுதிய எழுத்தோ அவர் கையெழுத்திட்ட குறிப்போ இருந்தால், அப்படிச் செலுத்திய நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு பிறக்கிறது. இது 19ஆவது பிரிவு. வரவு வாசகத்தை உங்கள் கணவர் எழுதியிருந்தாலும் பாதகமில்லை, கீழே கடன் வாங்கியவர் கையெழுத்து இருக்கிறதே, அது போதும். கடைசி வரவு 14.03.2023. அந்த ஒரு நாளைக் கணக்கில் சேர்க்காமல் எண்ண வேண்டும் என்பது 12ஆவது பிரிவு. ஆகவே கடைசி நாள் 14.03.2026.

அந்த நாள் இரண்டாவது சனிக்கிழமை, நீதிமன்றம் இராது. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் நாளில் பிராது (வழக்கு மனு) கொடுக்கலாம் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது, அதாவது திங்கட்கிழமை, மார்ச் 16. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், நம்பி இராதீர்கள். கடைசி நாளில் ஸ்டாம்ப் குறைந்தது, நகல் குறைந்தது என்று நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போயிற்று.

பின்பக்க வரவில் உங்கள் கணவர் கையெழுத்து வாங்கி வைத்தாரே, அதுதான் இன்று உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. நம் நகரத்தார் பாட்டன்மார் பேரேடு, சிட்டை, ஐந்தொகை என்று கணக்கு எழுதி எழுதியே கடல் தாண்டித் தொழில் செய்தவர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடியில் உட்கார்ந்தவர்களுக்கு எழுதாத வரவு வரவே அல்ல. இன்றைக்கும் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதுகிறோம், மொய்ப்பணம் எழுதுகிறோம். அதையெல்லாம் யாரும் அவமானமாக நினைப்பதில்லை. ஆனால் கொடுத்த கடனுக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துக் கேட்பதென்றால் மட்டும் நாக்கு எழுவதில்லை. "பங்காளியிடம் போய் எப்படி?" என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தில் இழந்த பணத்துக்கு நான் நேரில் சாட்சி.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியவர் மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டோடு என்னிடம் வந்தார். கெடு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஏன் தாமதம் என்று கேட்டேன். கடன் வாங்கியவர் வீட்டில் கல்யாணம், அது நல்லபடி நடக்கட்டும் என்று காத்திருந்தேன் என்றார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போடலாமே என்று அவரோடு வந்தவர் சொன்னார். தாமதத்தை மன்னிக்கும் 5ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் உரியது, புதிதாகத் தாக்கல் செய்யும் வழக்குக்கு அது கிடையாது. எதிர்த்தரப்பு இந்தப் பேச்சையே எடுக்காமல் போனால்? அப்போதும் முடியாது. யாரும் சொல்லாவிட்டாலும் நீதிபதி தாமே தேதியைப் பார்த்துத் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்பது 3ஆவது பிரிவு. அதில் நீதிபதிக்கு இரக்கப்பட இடமே இல்லை. நல்ல மனசுக்காரர் ஒருவர் தன் நல்ல மனசாலேயே பணத்தை இழந்து படியிறங்கிப் போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

இனி உங்கள் மகள் விஷயம். மைனர் ஒருவருக்கு வழக்குரிமை பிறந்தால், அவர் மேஜராகிய பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்பது உண்மைதான். அந்த 18ஐயும் 3ஐயும் கூட்டித்தான் 21 என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் உரிமை பிறந்தபோது அது உங்கள் கணவருடையது. அவர் இருக்கும்போதே காலம் ஓடத் தொடங்கிவிட்டது. ஓடத் தொடங்கிய காலம், பின்னால் வருகிற எந்த இயலாமைக்காகவும் நிற்காது என்று 9ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அவர் மறைந்த அன்றும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்கக் கடினமாக இருக்கும், மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கோபத்தோடு எழுதிய ஒரு வரி எனக்கு மிகவும் பயன்பட்டது. சிங்கப்பூர். பிரதிவாதி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துவிட வேண்டும் என்கிறது 15ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு. மலேசியாவும் சிங்கப்பூரும் வாசல்படியாகிப்போன நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சட்டம். எட்டு மாதம் அவர் வெளிநாட்டில் இருந்தார் என்று நிரூபித்தால், மார்ச் 14 என்பது நவம்பர் வரை நீளும். அவருடைய பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

அப்படியானால் அவசரம் எதற்கு என்று நினைக்கக் கூடாது. கையெழுத்திட்ட வரவு உங்கள் கையிலேயே இருக்கிறது, சிங்கப்பூர்க் கணக்கை நாம் நிரூபிக்க வேண்டும். கையில் இருப்பதை வைத்து மார்ச்சுக்குள் போவோம், மற்றது துணைக்கு இருக்கட்டும்.

ஆனால் அவர் மனைவியைப் பொறுத்தவரை சிங்கப்பூர்தான் நமக்கு முதல் பிடி. நோட்டில் இருவர் கையெழுத்து, வரவில் ஒருவர் கையெழுத்து. சேர்ந்து கடன் வாங்கியவர்களில் ஒருவர் செலுத்தியதையோ ஒப்புக்கொண்டதையோ மட்டும் வைத்து மற்றவரைப் பிடிக்க முடியாது என்று 20ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் கடன் வாங்கியவர் போட்ட வரவு அவர் மனைவிக்கு எதிராகக் கெடுவை நீட்டாது. அந்த மனைவிக்கு 20.09.2025இல் முடிந்தது. அந்த எட்டு மாதத்தைக் கழித்தால் 2026 மே வரை வரும். அந்த அம்மாளும் அந்த எட்டு மாதமும் அங்கேயே இருந்தாரா, இடையில் வந்து போனாரா என்று சொந்தத்தில் விசாரித்து வையுங்கள். இனிமேல் யாரிடம் வரவு வாங்கினாலும், நோட்டில் எத்தனை கையெழுத்தோ அத்தனை கையெழுத்தும் பின்னாலும் வேண்டும்.

2024இல் போன் மூலம் வந்த பத்தாயிரங்களும் 19ஆவது பிரிவுக்குள் வரலாம். கெடுவுக்குள் வந்த பணம்தானே. ஆனால் சட்டம் பணத்தோடு எழுத்தையும் கேட்கிறது. அனுப்பும்போது "வட்டி அனுப்பியிருக்கிறேன்" என்று அவர் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். அது கையெழுத்துக்குச் சமமா என்று எதிர்த்தரப்பு சண்டை போடும். காசோலையாகத் தந்திருந்தால் அதில் அவர் கையெழுத்தே இருந்திருக்கும், நம் வேலை எளிதாகியிருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது என்ன? உடனே நீதிமன்றத்துக்கு ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அந்தக் குடும்பத்தோடு நாளைக்கும் ஒரே கோயிலில் நிற்க வேண்டியவர். முதலில் எழுத்துக் கேளுங்கள். பணம் கேட்க வேண்டாம். "தம்பி, தையில் தருகிறேன் என்கிறாய், சரி. அதையே ஒரு தாளில் எழுதிக் கொடு" என்று கேளுங்கள். அந்தத் தாளில் நோட்டின் தேதி, தொகை, பாக்கி நிற்பது ஆகியவை இருக்க வேண்டும். கீழே இருவரும் கையெழுத்திட்டு அன்றைய தேதியைப் போட வேண்டும். கெடு முடிவதற்குள் இப்படிக் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து மறுபடியும் மூன்று ஆண்டு. இது 18ஆவது பிரிவு. "பாக்கி இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாமல் "செலுத்துகிறோம்" என்ற சொல்லும் அதில் இருக்கட்டும். காரணம் உண்டு. கெடு முடிந்த கடனுக்கு வெறும் ஒப்புதல் உயிர் தராது. ஆனால் அதைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆவது பிரிவு. மனைவியின் கெடு முடிந்துவிட்டது என்று நாளைக்கு வாதம் வந்தால் அந்த ஒரு சொல் தாங்கும். வாங்கிய கடன் கெடு முடிந்ததாலேயே மறைந்துவிடுவதில்லை, வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. அதனால்தான் சட்டம் இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

தை பிறந்ததும் கேளுங்கள். தைப்பூசத்துக்குள் எழுத்து வராவிட்டால் மேலும் காத்திருக்க வேண்டாம். அவர் தை என்று சொல்லலாம், மாசி என்று சொல்லலாம். சட்டத்தின் காலண்டர் ஆங்கிலக் காலண்டர்தான். 24ஆவது பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. நோட்டில் தமிழ்த் தேதி போட்டிருந்தாலும் கணக்கு அந்தக் காலண்டரில்தான்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். நிற்காது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாலும் நிற்காது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினாலும் நிற்காது. பெரியவர்களை வைத்துப் பேசுவது நல்லதுதான், ஆனால் பேச்சு முடிந்து எழுந்திருக்கும் முன் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கொரோனா காலச் சலுகையைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். 15.03.2020 முதல் 28.02.2022 வரையான நாட்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மை. உங்கள் நோட்டு அதற்குப் பிந்தியது, உங்களுக்கு அது பொருந்தாது. மூன்று ஆண்டுக் கெடு உள்ள பழைய கடன்களுக்கும் அந்தச் சலுகை 2025 மார்ச் தொடக்கத்தோடு தீர்ந்துவிட்டது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோட்டின் பின்பக்கம் நீங்களாக ஓர் எழுத்துக்கூடச் சேர்க்காதீர்கள். "ஒரு வரவை நாமே எழுதிக்கொள்ளலாமே" என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். அது பொய் ஆவணம். கையெழுத்து நிபுணரிடம் போனால் வெளிப்பட்டுவிடும், உண்மையான இரண்டு வரவுகளும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.

வழக்கென்று வந்தால், கணவரின் கடனை வசூலிக்க நீங்கள் ஒருவர் மட்டும் போதாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், இறந்தவரின் தாய் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். உங்கள் மாமியார் இருக்கிறார் என்றால் அவருக்கும் இந்தப் பணத்தில் சம பங்கு உண்டு, அவரும் வழக்கில் சேர வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இதற்குப் போதாது. இறந்தவருக்கு வர வேண்டிய கடனுக்குத் தீர்ப்பு வேண்டுமென்றால் சிவில் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 214ஆவது பிரிவு சொல்கிறது. அதை வாங்க மாதக்கணக்கில் ஆகும். அது கைக்கு வரட்டும், பிறகு வழக்கு என்று காத்திருந்து கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. தீர்ப்புக் கொடுக்கும் நேரத்தில்தான் அது வேண்டும், வழக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கிவிடலாம். பிராதில் வரவுத் தேதியைச் சொல்லி, அதனால் கெடுவுக்குள் இருக்கிறோம் என்று எழுதியாக வேண்டும். நோட்டைச் சேர்த்துக் கொடுத்தால் நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு மூன்று, 6 லட்சம் அசலுக்கு 18,000 ரூபாய். கேட்கும் வட்டிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

அவரிடம் பணமே இல்லையே, தீர்ப்பு வாங்கி என்ன பயன் என்று கேட்பீர்கள். தீர்ப்பு கிடைத்தால் அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. இன்று இல்லாதவருக்குப் பத்து ஆண்டுக்குள் ஒரு நிலம் வரும், ஒரு பங்கு வரும். மூன்று ஆண்டு நோட்டைப் பன்னிரண்டு ஆண்டுத் தீர்ப்பாக மாற்றிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடு. உங்கள் கணவரின் அண்ணன் சொன்ன 12 ஆண்டு என்ற எண் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அவர் சொன்ன பொருளில் இல்லை. வேறொருவர் சொத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தனக்கே சொந்தம் என்று 12 ஆண்டு அனுபவித்தால் உரிமையாளரின் வழக்குரிமை போய்விடும். சொத்து விஷயத்தில் உரிமையே அழிந்துபோகும் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. கடனை விட இது கடுமை. ஆனால் பங்காளிகளுக்குள் இது அவ்வளவு எளிதில் நடக்காது. பங்கு ஆள்கிறவர் என்பதால்தானே பங்காளி என்கிறோம். பொதுச் சொத்தில் ஒரு பங்காளியின் இருப்பு எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருக்கும் இருப்பு. ஒருவர் வெளியூரில் இருந்தார், இன்னொருவர் சாவி வைத்திருந்தார், வரி கட்டினார் என்பதற்காக மட்டும் பங்கு போகாது. மற்றவருக்குத் தெரியும்படி, "உனக்கு இங்கே உரிமை இல்லை" என்று மறுத்து வெளியேற்றியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவருக்கும், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்துதான் 12 ஆண்டு.

உங்களுக்கு அது எப்போது தெரிந்தது? போன ஆவணியில். கெடு அன்றுதான் தொடங்கியிருக்கிறது என்பது நம் வாதம். அந்தப் போன் பேச்சின் தேதியை இன்றே குறித்து வையுங்கள். அதற்கு முன்னால் உங்களைப் பங்காளியாக அவர்கள் நடத்தியதற்கு என்னென்ன சாட்சி இருக்கிறது என்று தேடுங்கள். அந்த வீட்டில் முன்னோருக்கு நடந்த படைப்புக்கு உங்கள் புள்ளிக்கும் சேர்த்துச் செலவுப் பங்கு கேட்டிருப்பார்கள், நீங்கள் கொடுத்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வந்தபோது வீட்டின் உள்கட்டான வளவில் உங்கள் கணவரின் அறையில்தான் தங்கியிருப்பீர்கள். கூரை பழுதுபார்க்கக் கணவர் பணம் அனுப்பிய ரசீது இருக்கலாம், கூடமான பட்டாலையில் எல்லோரும் உட்கார்ந்து எடுத்த புகைப்படம் இருக்கலாம். விலக்கி வைக்கப்பட்டவர் படைப்புக்கு உட்கார்ந்திருக்க மாட்டார். நீதிமன்றத்தில் இது பெரிய சாட்சி.

பன்னிரண்டு ஆண்டு இருக்கிறதே என்று இதிலும் சாய்ந்துகொள்ளாதீர்கள். அவர் உங்களை விட்டுவிட்டு ஏதாவது பத்திரம் பதிந்திருந்தால், அதை ரத்துச் செய்ய, உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், இணையத்திலும் எடுக்கலாம். இன்னொரு கவலையும் எனக்கு இருக்கிறது. வீட்டில் நிற்கும் வரை அந்தத் தேக்குத் தூணுக்கும் கதவு நிலைக்கும் வீட்டின் கெடுதான். பெயர்த்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் அது அசையும் பொருள், அதற்கு மூன்று ஆண்டுதான். எத்தனை வீடுகளின் நிலைகள் அப்படிப் போயிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூண் ஒன்று அசைகிறது என்று தெரிந்தால், பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத் தடையுத்தரவு கேட்கலாம்.

நோட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், துளை போட்டுக் கோப்பில் கோக்கவும் வேண்டாம். இரு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, அசலைக் கணவர் வைத்த இரும்புப் பெட்டியிலேயே வையுங்கள். அவர் கைப்பட எழுதிய சிட்டையோ டைரியோ அதே பெட்டியில் இருந்தால் எடுத்து வையுங்கள், அந்த வரவுகள் அதிலும் இருக்கக்கூடும். மகளுக்கு இப்போது 18 ஆகிவிட்டது, பிராதில் அவளும் கையெழுத்திட வேண்டும். பொங்கலுக்குக் கல்லூரியிலிருந்து வரும்போது, உங்கள் வழக்கறிஞரிடம் அவளையும் அழைத்துப் போங்கள்.